ராசாவுக்குப் பதிலா தண்டால்

கொம்பையூர் ராசாவுக்கு எதையும் தானே செஞ்சு பழக்கமே இல்ல. அவரு நேந்துக்கிட்டா, விரதம் இருக்கிறதும் கோயிலைச் சுத்தி உருள்றதும் வேலைக்காரன் மாடக்கண்ணு. புண்ணியம் மட்டும் ராசாவுக்காம், என்ன நியாயமோ!

ஒருநாள் ராசா தொப்பையைத் தடவிக்கிட்டே சொன்னாரு: "டேய், தேரோட்டத்துக்குள்ள இது கரையணும். புஜம் மட்டும் கல்லு மாதிரி நிக்கணும். எனக்குப் பதிலா நீ தண்டால் எடு. கரையலைன்னா சவுக்கடிதான்."

"உத்தரவு சாமி"ன்னான் மாடக்கண்ணு. அன்னையிலருந்து தண்டால் எடுத்தான், கர்லாக்கட்டை சுத்துனான், ராசா பேரைச் சொல்லி அரண்மனை முட்டையையும் கொள்ளுச் சுண்டலையும் வளைச்சு வளைச்சுத் தின்னான்.

தேரோட்டம் வந்துச்சு. ராசா தொப்பை இன்னும் ஒரு சுத்துப் பெருத்திருந்துச்சு. "எடுங்கடா சவுக்கை"ன்னு சபையில கத்துனாரு.

மாடக்கண்ணு மேல்துண்டை எடுத்தான். வயிறு பலகையாட்டம் தட்டையா இருக்கு, தோளு பாறையாட்டம் நிக்குது. சபையே வாயைப் பொளந்துச்சு.

"தாராளமா அடிங்க சாமி. ஆனா நான் எடுத்த தண்டாலோட பலன் உங்களுக்குத்தானே? அப்ப இது உங்க உடம்பு. ராசா உடம்பு மேல சவுக்கு வைக்க இங்க எவனுக்குத் தைரியம் இருக்கு?"

சவுக்குக்காரன் சவுக்கைக் கீழ போட்டுட்டான்.

"அப்ப இந்தத் தொப்பை யாரோடதுடா?"ன்னு ராசா பல்லைக் கடிச்சாரு.

"அது என்னோடது சாமி. எனக்குப் பதிலா நீங்கதான் சுமந்துக்கிட்டிருக்கீங்க."