நூறு சதவீதமும் ஒரு வடையும்

எல்லாப் பள்ளிகளும் கணினித் திரையில் பச்சையாக மின்னும்போது ஒரே ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மட்டும் மஞ்சளில் நின்றால் எந்த அதிகாரிக்குத்தான் பொறுக்கும்? கல்வி அதிகாரி ஆளவந்தார் அந்தப் பள்ளிக்கே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

"வீட்டில வீடியோ பாடம், வகுப்பில பயிற்சின்னு திட்டம் போட்டதே நான்தான். மத்த ஸ்கூலெல்லாம் வீடியோவை நூறு சதவீதம் பார்த்திருக்கு. இங்க மட்டும் ஏன் அறுபது? சாயங்காலத்துக்குள்ள நூறு வரணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது" என்று கணினி அறை உதவியாளர் பூங்கோதையிடம் எகிறினார்.

"காரணத்தை, பாட வீடியோ வர்ற அதே ஆப்புல இருபது நிமிஷ வீடியோவா போட்டிருக்கேன் சார். பார்த்துட்டுச் சொல்லுங்க."

தலைமையாசிரியர் அறையில் இலை போட்டார்கள். ஆளவந்தார் செல்போனில் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். நாலு வடையையும் ரசித்துச் சாப்பிட்டுக் கை கழுவினார்.

"முழுக்கப் பார்த்துட்டேன். ஒரு காரணமும் உருப்படியா இல்ல."

பூங்கோதை திரையைக் காட்டினாள். அவர் பெயருக்கு நேரே பச்சையில் நூறு சதவீதம். பிறகு அதே வீடியோவின் எட்டாவது நிமிஷத்தை ஓட்டினாள். அதில் அவளே பேசினாள்: "சார், இதைப் பார்த்தா எனக்கு ஒரு வடை எடுத்து வைங்க."

தலைமையாசிரியர் இருமினார்.

"எங்க பிள்ளைங்க கணக்கு புரியாத இடத்திலேயே வீடியோவை நிறுத்திடுவாங்க சார். மறுநாள் வகுப்பில டீச்சரைப் பிடிச்சுக் கேட்பாங்க. அதான் அறுபது. ஓடவிட்டுட்டுச் சாப்பிடப் போகச் சொன்னா நாளைக்கே நூறு வந்துடும். சொல்லட்டுமா?" என்றாள் பூங்கோதை.

ஆளவந்தார் காலி இலையைப் பார்த்தார்.

"அறுபதே இருக்கட்டும்" என்றார்.