நாரை நெஞ்சில் ஒட்டிய எண்

வெகு காலத்துக்கு முன்னால், மலைகள் இன்னும் நடந்து திரிந்த நாளில், கொன்றைநாட்டில் ஆறு அண்ணன்களும் ஒரு தங்கையும் இருந்தார்கள். அண்ணன்கள் பல்லக்குத் தூக்குவார்கள். தங்கை தும்பை தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நடப்பாள். அவள் அதிகம் பேச மாட்டாள், பார்த்துக்கொண்டே வருவாள்.

ஆறு பேரும் ஒரே வரிசையில் போவார்கள். முதலில் நிற்பவன் களைத்தால் கடைசிக்குப் போவான். அடுத்தவன் முன்னால் வருவான். வரிசை மட்டும் குலையவே குலையாது.

ஒருநாள் காட்டுவழியில் கூர்மூக்கன் என்ற மந்திரவாதி அவர்களை மறித்தான்.

"பல்லக்கை இறக்குங்கள். நான் ஏற வேண்டும்."

"நடக்க முடியாதவர்களைத்தான் தூக்குவோம் சாமி. உங்களுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றான் மூத்தவன்.

மந்திரவாதி கோலைத் தட்டினான். ஆறு பேரும் ஆறு நாரைகள் ஆனார்கள். வரிசையாக அவர்கள் நெஞ்சில் 1, 4, 2, 8, 5, 7 என்று எண்கள் ஒட்டிக்கொண்டன.

"எண் ஒட்டினால் நாரை, எண் போனால் மனிதர். பொழுது சாய்ந்தால் உன்னை மறந்து பறந்தே போய்விடுவார்கள்!"

தும்பை முன்னால் ஓடி வந்தாள். "சாமி, அண்ணன்களை விட்டுவிடுங்கள்."

"அட, ஊமை பேசுகிறதே! சரி, மூன்று கேள்வி. மூன்றையும் செய்து காட்டினால் விடுகிறேன். இந்த 1,42,857 மூன்று மடங்காக வேண்டும். இறகைக்கூடத் தொடக் கூடாது."

தும்பை மணலில் பெருக்கினாள். 4,28,571. அட, அதே எண்கள்! முதலில் இருந்த ஒன்று மட்டும் கடைசிக்குப் போயிருக்கிறது.

"பெரியண்ணா, நீ களைத்துவிட்டாய். பின்னால் போ."

முதல் நாரை அசைந்து அசைந்து கடைசிக்குப் போனது.

"முதலில் சொன்ன எண் இரண்டு மடங்காகட்டும்!"

மணலில் 2,85,714.

"இரண்டாவது அண்ணா, நீயும் களைத்துவிட்டாய். பின்னால் போ."

நாலு என்ற நாரையும் கடைசிக்குப் போனது. கூர்மூக்கனின் மூக்கு சிவந்தது.

"ஏழு மடங்கு!"

மணலில் 9,99,999. ஒன்பது எந்த நாரையிடமும் இல்லை. தும்பையின் விரல் நின்றுவிட்டது. மரத்தலைகளில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்பது இல்லையா? நானே தருகிறேன்!" கோல் தட்டியதும் ஆறு நெஞ்சிலும் ஒன்பது மின்னியது. "ஆறு நெஞ்சில் இதைவிடப் பெரிய எண் எழுத முடியாது. முடிந்தால் அழித்துப் பார். நீ ஒருத்தி, உன்னால் என்ன ஆகும்?"

தும்பை குடத்தை இறக்கி வைத்தாள். முதல்முறையாக வரிசைக்குள் வந்து, கடைசி நாரையோடு ஒட்டி நின்றாள்.

"ஒருத்திதான் சாமி. என்னையும் கூட்டிக்கொள்ளுங்கள்."

ஒன்பதோடு ஒன்று சேர்ந்தால் பத்து. கடைசி நெஞ்சில் பூஜ்யம் விழுந்து குமிழிபோல் உடைந்தது. மிஞ்சிய ஒன்று அடுத்த நெஞ்சுக்குத் தாவியது. அங்கும் பூஜ்யம், அங்கும் தாவல். ஆறு நெஞ்சும் தாண்டிய ஒன்றுக்கு ஒட்டிக்கொள்ள இடம் வேண்டுமே! வரிசைக்கு எதிரே நின்ற கூர்மூக்கனின் நெஞ்சில் போய்ப் பச்சென்று ஒட்டியது. எண் ஒட்டினால் நாரைதானே? கத்திக்கொண்டே பறந்து போனான்.

அண்ணன்கள் ஆறு பேரும் கைகால் உதறி எழுந்தார்கள்.

"ஏறு பல்லக்கில்," என்றான் பெரியண்ணன்.

"எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது?"

"அதெல்லாம் அந்த மூக்கனுக்குச் சொன்னது. உட்காரடி!"

தும்பை வெட்கத்தோடு ஏறினாள். முன்னால் இருந்தவன் களைத்ததும் கடைசிக்குப் போனான், அடுத்தவன் முன்னால் வந்தான். வீடு வரும்வரை வரிசை குலையவே இல்லை. இன்றைக்கும் குளக்கரையில் தனியாக ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றால், அதன் நெஞ்சைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.