கோலத்தில் விழுந்த பச்சை

முதலாளி ரங்கநாயகத்தின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்ற இடமெல்லாம், இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் சொட்டும். அதை அவரிடம் சொல்ல அவரது கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் தைரியமில்லை. ஆயுதபூஜையன்று, வண்டி கழுவும் பழனாத்தாள் சொல்லிவிட்டாள்.

"சீமைக் கார் ஒழுகுமா? அது நீ கழுவின சோப்புத் தண்ணி!" என்று குதித்தார் முதலாளி. "ஒழுகுதுன்னா எங்கேன்னு காட்டு. வண்டியைத் தொடக் கூடாது, பானெட்டைத் திறக்கக் கூடாது. காட்டலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"ஆகட்டுங்க."

தரையை உலரத் துடைத்து, காரின் மூக்குக்கடியில் கையை நீட்டி வெள்ளை மாவில் புள்ளிக்கோலம் போட்டாள். "பூஜைக்கு எல்லாரும் வந்தாச்சுங்க. வண்டிச் சத்தத்தைக் கொஞ்சம் கேக்க வையுங்களேன்."

முதலாளிக்குக் கேட்கவா வேண்டும்! இன்ஜினை உறுமவிட்டார். சூடேற ஏற, கோலத்தின் இடது ஓரப் புள்ளியில் பச்சை சொட்டியது. மெக்கானிக் குனிந்து பார்த்தால், அதற்கு நேர் மேலே ரேடியேட்டர் ஓஸ் குழாயில் கசிவு. கூட்டம் சிரித்தது.

"தொடாதேன்னு சொன்னேனே!" என்று கத்தினார் முதலாளி.

"நான் தொடலைங்க. உங்க வண்டிதானுங்க என் கோலத்தைத் தொட்டுடுச்சு."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பானெட்டை அவரே திறந்துவிட்டார். புது ஓஸ் மாட்டியபின் பழனாத்தாள் மறுபடி போட்ட கோலம், பொழுது சாயும்வரை வெள்ளையாகவே இருந்தது.