மேனேஜர் கேட்ட பெரிய குமிழி

பென்சிலுக்குப் போகும் கறுப்புக் கிராபைட்டைக் கல்லிலிருந்து பிரிக்கிற ஆலை அது. கல்மாவு கரைத்த தொட்டியில் நுரையெண்ணெய் சொட்டவிட்டுக் காற்றை ஊதினால், குமிழிகள் பொடிப்பொடியாகக் கிளம்பிக் கிராபைட்டைச் சுமந்து மேலே வரும். அந்த வேலை சீனியம்மாளுடையது.

வெள்ளைச் சட்டையில் வந்த புது மேனேஜர் வரதராஜுலு குமிழிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, கடுகு கடுகா? நாளைக்குச் சேர்மன் வர்றார். ஒவ்வொண்ணும் தேங்காய் சைஸ்ல வரணும். சரக்கும் குறையக் கூடாது. இல்லேன்னா நீ வீட்டுக்குப் போகலாம்!"

"சின்னதா இருந்தாத்தான் சார் சரக்கு ஏறும்."

"எனக்கே பாடமா?"

மறுநாள் ஒரு தொட்டிக்கு மட்டும் எண்ணெயை நிறுத்தினாள். குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பூதாகாரமாகக் கிளம்பி வெடித்தன. மேனேஜர் பூரித்துப்போய் அங்கேயே நின்றார்.

"இதுல சரக்கு ஏறுதா?" என்றார் சேர்மன்.

"ஏராளமா சார்!"

சீனியம்மாள் கன்னங்கரேலென்றிருந்த தன் முந்தானையை நீட்டினாள். "நான் சின்னக் குமிழிகிட்ட நின்னேன், ஐயா. சார் பெரிய குமிழிகிட்ட நின்னார். அவர் சட்டையையும் பாத்துடுங்க."

பார்த்தார்கள். சட்டையில் கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. மற்றபடி, காலர்வரை சேறு.