தேனடையில் ஒரு காலி அறை

அந்தக் காலத்தில் தேனீக்களுக்கு வாய்ப்பேச்சு இருந்தது, தேனடைதான் இல்லை. இலுப்பை மரக் கிளையிலிருந்து மெழுகு அறைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே சரமாகத் தொங்கும். அவ்வளவுதான் கூடு. யார் எதைக் கொண்டுவந்தாலும் சரத்தின் நுனியில் ஓர் அறை கட்டி அதில் வைக்க வேண்டும். 'இன்ன பிள்ளைக்கு, இன்ன பொருள்' என்று அதன் மேல் கீறிவிட்டுப் போக வேண்டும். வந்த வரிசை மாறவே கூடாது. இது வாசல் காத்த கொடுக்காயியின் சட்டம். மூத்தவள், மூக்குக்கு மேல் கோபம். அவளிடம் யார் வாய் கொடுப்பது?

கூட்டில் நாற்பது புழுப் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் தேன், மகரந்தம், தண்ணீர் மூன்றும் ஊட்ட வேண்டும். ஊட்டுகிறவள் மினுக்கி. பாவம், அவள் பட்ட பாடு! ஏழாம் பிள்ளைக்குத் தேன் மூன்றாவது அறையில் இருக்கும். அதே பிள்ளைக்கு மகரந்தம் தொண்ணூறாவது அறையில். தண்ணீர் எங்கே? கடவுளுக்கே வெளிச்சம். மேலே ஏறுவாள், கீழே இறங்குவாள், பாதி வழியில் யாருக்காக வந்தோம் என்பதே மறந்துபோகும். சொல்லும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது, ஏறி இறங்கினவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இப்படியிருக்க, நாற்பதாம் பிள்ளையான கடைக்குட்டி துவண்டு போனது. பிறந்து மூன்றே நாள். தேனும் தண்ணீரும் கிடைத்தன. மகரந்தம் மட்டும் மினுக்கிக்கு அகப்படவே இல்லை.

"அக்கா, கடைக்குட்டிக்கு மகரந்தம் எங்க இருக்கு?"

"இத்தனை பேர் கொண்டாந்து கொட்டுறாங்க, இல்லாமலா போகும்?" என்றாள் கொடுக்காயி. "கண்ணைத் திறந்து பாருடி."

"பார்த்துட்டேங்கக்கா. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கலைன்னே புரியலை. பார்த்ததையே திரும்பப் பார்க்கிற மாதிரி இருக்கு."

"அப்போ மறுபடியும் மேலேருந்து ஆரம்பி!"

மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பித்தாள். கீழே வந்து சேர்ந்தபோது கடைக்குட்டி வாயைத் திறப்பதையே நிறுத்தியிருந்தது. மினுக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சரத்தை அறை அறையாகப் பிய்த்துப் போட்டாள்.

"அடிப்பாவி! குடியைக் கெடுத்தியே!" என்று கொடுக்காயி கத்தினாள்.

மினுக்கி காதில் வாங்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை என்று அறைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டத் தொடங்கினாள். முதலில் தேன், அடுத்து மகரந்தம், அதற்கடுத்துத் தண்ணீர். மற்ற தேனீக்கள் மிரண்டு போய்ச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. "இது கீழ போகுதா, பக்கத்துல போகுதா? ஒண்ணுமே விளங்கலையே!"

ஏழாம் பிள்ளையில் ஒரு சிக்கல்.

"மினுக்கி, இதுக்குப் புளியம்பூத் தேன் ஒண்ணு, வேப்பம்பூத் தேன் ஒண்ணு. இடம் ஒண்ணுதானே இருக்கு?" என்று கேட்டாள் பக்கத்தில் பறந்த ஒருத்தி.

"ரெண்டையும் ஒண்ணா ஊத்துங்க!"

கடைசி வரிசைக்கு வந்தாள். தேன் அறையை ஒட்டினாள். மகரந்த அறைக்காகத் துழாவினாள். அகப்படவில்லை. அந்த இடத்தில் வெறும் அறை ஒன்றைக் கட்டிவிட்டு, அதற்கப்பால் தண்ணீரை ஒட்டினாள்.

கொடுக்காயி மெழுகுருண்டையோடு வந்தாள். "நடுவுல என்னடி ஓட்டை? பார்க்கவே சகிக்கலை. தண்ணியை இப்படித் தள்ளிட்டு அடைச்சு விடு."

"ஐயோ, அடைக்காதீங்கக்கா! எல்லாத்தையும் ஒட்டியாச்சு, ஒரு அறைகூட மிச்சமில்லை. கடைக்குட்டியோடது தொலைஞ்சு போகலை. யாருமே கொண்டுவரலை!"

அடுத்தவள் வைத்திருப்பாள் என்றே ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். அத்தனை நீளச் சரத்தில் இல்லாத ஒன்று எப்படிக் கண்ணில் படும்?

"நானும் யாராவது வெச்சிருப்பாங்கன்னுதான்..." என்றாள் கொடுக்காயி. மெழுகைக் கீழே போட்டாள். எத்தனையோ காலமாக வாசலை விட்டு நகராதவள், முதல் ஆளாகப் பறந்தாள். இரண்டு கால்களிலும் மகரந்தம் அப்பிக்கொண்டு, மூச்சிரைக்கத் திரும்பினாள். முதல் வாய்க்குக் கடைக்குட்டி அசையவில்லை. இரண்டாவது வாய்க்குத் திறந்தது.

அன்று முதல்தான் தேனடையில் அறைகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன, தேனிலும் பல பூக்களின் ருசி கலந்திருக்கிறது. வெளியே போய் வரும் தேனீ, எவ்வளவு களைத்திருந்தாலும், முதலில் காலி அறைக்குள் தலையை விட்டுப் பார்ப்பதும் அன்று முதல்தான். யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று அது தேடுகிறது.