கிளையில் தொங்கிய காய்ந்த புல்

காட்டோரத்தில் சடையன் என்றொரு முள்ளம்பன்றி, வளை தோண்ட இடம் தேடி அலைந்தது. அதன் மனைவி செங்கமலத்துக்கு நிறைமாதம். குட்டிகள் பிறப்பதற்குள் சொந்த வளை வேண்டும். கைவசம் இருந்ததோ, கோடை முழுக்கச் சேர்த்த ஒரு குவியல் கிழங்குதான்.

கருவேல மரத்திலிருந்து ஓர் ஓணான் கூப்பிட்டது.

"வாங்க தம்பி! என் இடத்தைப் பாருங்க. பூப்போல மண்ணு! நகம் வலிக்காமத் தோண்டலாம். அந்தக் கிழங்கு மொத்தத்தையும் கொடுத்துட்டு இன்னைக்கே குடி வந்துடுங்க!"

"கிழங்கை வெச்சு நீங்க என்ன அண்ணே செய்வீங்க?"

"அழுக விடுவேன். புழு வரும். புழுன்னா எனக்கு உசிரு!"

மண் உண்மையிலேயே மெத்தென்று இருந்தது. செங்கமலம் அதில் படுத்தே விட்டது. "ஏங்க, பேசி முடிச்சிடுங்க!" என்றது.

சடையனுக்கும் ஆசைதான். ஆனாலும் அது கிழங்கை உடனே நீட்டிவிடவில்லை.

"அண்ணே, மழைக்காலத்துல இங்க தண்ணி வராதுதானே?"

ஓணான் மேலும் கீழும் தலையை ஆட்டியது.

"நரித் தொல்லை இல்லைதானே?"

அதற்கும் ஆட்டியது.

"வானத்திலிருந்து கிழங்கு கொட்டும்தானே?" என்று செங்கமலம் குறும்பாகக் கேட்டது.

அதற்கும் ஆட்டியது!

சடையன் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தது. தாழ்ந்த கிளைகளில் காய்ந்த புல்லும் சருகும் சிக்கித் தொங்கின.

"அது என்ன அண்ணே?"

"அதுவா? தூக்கணாங்குருவிக் கூடு!"

உடனே மர உச்சியிலிருந்து தூக்கணாங்குருவி ஒன்று விருட்டென்று இறங்கி வந்தது.

"யோவ்! இந்தக் குப்பையையா என் கூடுன்னு சொல்றே? நான் தூக்கத்துல கட்டினாக்கூட இதைவிட அழகா வரும்! போன ஐப்பசியில ஓடை இந்த வழியாத்தான் புரண்டு போச்சு. அது மாட்டிவிட்டுப் போன சருகுய்யா இது!"

செங்கமலம் துள்ளி எழுந்தது. "அப்போ இந்தப் பூப்போல மண்ணு?"

"அதுவும் ஓடை கொண்டுவந்து கொட்டினதுதான்!"

ஓணான் மெல்ல மரத்தின் மறுபக்கம் நழுவியது.

பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. ஒரே சரளைக்கல். யாரும் சீந்தாத இடம். ஆனால் அங்கே எந்தச் செடியிலும் சருகு சிக்கியிருக்கவில்லை. அதைப் பார்த்ததும் சடையன், "இதுதான் நம்ம இடம்!" என்றது.

இரண்டும் மாறி மாறித் தோண்டின. நகம் தேய்ந்தது. முதுகு வலித்தது. நடுநடுவே செங்கமலம், "பூப்போல மண்ணு!" என்று ஓணானைப் போலத் தலையாட்டிக் காட்டும். சடையன் சிரித்துச் சிரித்துத் தோண்டுவதையே மறந்துவிடும்.

ஐப்பசி வந்தது. மழை கொட்டித் தீர்த்தது. ஓடை தன் பழைய வழியிலேயே புரண்டு ஓடியது. மேட்டு வளைக்குள் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குட்டிகள் இரண்டும் கிழங்குக் குவியலில் ஏறி உருண்டு விளையாடின.

அப்போது நனைந்து நடுங்கிய ஓணான் வாசலில் வந்து நின்றது.

"தம்பி, என் கிளை வரைக்கும் தண்ணி! ஒண்டிக்க ஒரு மூலை கொடுங்க. இங்க தண்ணி வராதுதானே?"

சடையனும் செங்கமலமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு மேலும் கீழும் தலையை ஆட்டின. குட்டிகளும் ஆட்டின! ஓணானுக்கே சிரிப்பு வந்துவிட்டது; சிரித்தபடியே உள்ளே வந்து ஒண்டிக்கொண்டது.

வீடு கட்ட இடம் வாங்குபவர், விற்பவரின் தலையாட்டலை நம்பாமல், மழைக்காலத்தில் அந்த மண் என்ன ஆகும் என்பதை அங்கேயே வாழ்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.