நாற்பது யானையும் நாலு பானையும்

முன்னொரு காலத்தில் கரடிமலைச் சீமையை மங்கைபாக ராஜா ஆண்டுவந்தார். கண் விழித்ததும், "இன்று யானை எத்தனை?" என்பார். ராவோடு ராவாக யானை பெருகிவிடும் என்று நினைப்போ என்னவோ!

பிரதானி அனந்தப்பன் தினமும் பல்லக்கேறி, மூன்று கொட்டில்களையும் முதலிலிருந்து எண்ணிவருவார். முதல் நாள் நாற்பது. மறுநாள் நாற்பத்திரண்டு. மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. தலைமைப் பாகன் மாசாணத்தின் தோளில் ராஜா கைபோட்டுப் பேசுவது பிரதானிக்கு வெகுநாளாகப் பொறுக்கவில்லை. "மாசாணம் விற்றுத் தின்றுவிட்டான், அரசே!" என்றார். மாசாணத்தைக் கட்டிப்போட்டு, மறுநாள் அந்தியில் தலையை வெட்ட உத்தரவாயிற்று.

கொட்டிலில் லத்தி அள்ளும் ஒச்சம்மா, மாசாணத்தின் மனைவி, சபைக்கு வந்தாள். "மகராசா, விடியக்காலம் கதவைச் சாத்தி ஒரே ஒரு தடவை எண்ணச் சொல்லுங்க. பொறவு ஐயா வழக்கம்போல எண்ணட்டும். நான் இங்கனயே உக்காந்து சொல்றேன்."

"லத்தியை மோந்து பார்த்தா?" என்றார் பிரதானி. சபை சிரித்தது. ராஜா மட்டும் சரியென்றார்.

விடியலில் எண்ணினால் நாற்பது! "பயந்துபோய் மாசாணத்தின் ஆட்கள் திரும்பக் கட்டியிருப்பார்கள்" என்று சொல்லிவிட்டுப் பிரதானி பல்லக்கேறினார்.

ஒச்சம்மா சபையிலேயே உட்கார்ந்து, கொட்டிலுக்கு ஒன்றாக மூன்று பானையில் யானைக்கொரு புளியங்கொட்டை போட்டாள். நாலாவது பானை காலி, அது தெருவுக்கு. வடக்குக் கொட்டில் வாசலில் பறை, மேற்குக் கொட்டிலில் கொம்பு, ஆற்றங்கரைக் கொட்டிலில் சேகண்டி மணி. யானை வெளியேறினால் ஒருமுறை ஒலிக்கும். கொட்டை தெருப்பானைக்குப் போகும். உள்ளே நுழைந்தால் இருமுறை. கொட்டை அந்தக் கொட்டில் பானைக்குப் போகும். வேறெதையும் அவள் தொடவில்லை.

இதற்கிடையில் அவள் சொல்படி, பிரதானி ஒவ்வொரு கொட்டிலாக எண்ணி முடிக்க முடிக்க, பாகர்கள் ஒரே யானையைக் குறுக்குச் சந்து வழியாக அடுத்த கொட்டிலுக்கு ஓட்டினார்கள்.

உச்சிப்பொழுதில் பிரதானி வந்தார். "நாற்பத்திரண்டு!"

"நாலு பானையும் சேத்து நாப்பது. ஐயா, காது கிழிஞ்ச யானை எத்தனை?"

"கொட்டிலுக்கு ஒன்று. மூன்று! என் கண்ணால் பார்த்தேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். காது கிழிந்தது அவர் போருக்கு ஏறிய யானை. அப்படி ஒன்றுதான் உண்டு.

"அப்படியானால் அன்றைக்கு முப்பத்தெட்டு வந்தது எப்படி?" என்றார்.

"அன்னிக்கு ரெண்டு குளிக்கப் போயிருந்துச்சு, மகராசா. தெருவுல போற யானையை ஐயா எண்ணலை."

ஆற்றங்கரையில் சேகண்டி அடிக்கும் வேலை அன்றே பிரதானிக்குக் கிடைத்தது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். ஒச்சம்மா வாங்கவில்லை.

"நேத்தே வெட்டியிருந்தா, நாப்பது யானையும் இருந்திருக்கும் மகராசா. அவுகதான் இருந்திருக்க மாட்டாக."

ராஜா எழுந்துபோய், மாசாணத்தின் கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார்.